கேடயக்காரனை வெல்லும் வழிகள்

1

இந்தக் கதை எனக்குத் தோற்றதில் கிடைத்தது. நாற்பதைத் தாண்டியவன் வீடியோ கேம் விளையாடுவதே வெட்கக்கேடு. அதிலும் ஒரே கேடயக்காரனிடம் திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டுச் சாவது அதைவிட வெட்கக்கேடு. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெலுத்தோங் ஃபிளாட், வெளியே மழை. தீவை அக்கரையோடு இணைக்கும் பாலமும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. வெறுத்துப்போய், கேடயம் வைத்திருப்பவனை வாளால் வெல்வது எப்படி என்று தேடிப் படித்தேன். கேடயத்தை வெட்டாதே என்று போட்டிருந்தது. கேடயம் இருக்கும் பக்கமாகவே சுற்றிப் போ, அது அவன் கண்ணையே மறைக்கும். மேலே ஓங்குவதுபோல் காட்டிக் காலை வெட்டு. எதுவும் பலிக்காவிட்டால் காத்திரு. அவன் உன்னை வெட்ட வரும்போது கேடயம் விலகித்தான் ஆகவேண்டும்.

படித்துவிட்டு நான் விளையாடப் போகவில்லை, கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் புத்தி அப்படி.

2

முதல் தொடக்கம்: “பனி மூடிய கோட்டைவாசலில் அந்த வீராங்கனை

வேண்டாம். வீராங்கனை என்றதும் எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: ஸஹ்ரா ஜார்ஜ் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். கணவன் ஹஸ்ருலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. ஐந்தாம் மாதத்தில் பிள்ளை கலைந்துபோனது. அதன்பின், வேலைக்குப் பக்கம் என்று சொல்லி அவன் நிபோங் திபாலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். (பக்கமே இல்லை. ஜார்ஜ் டவுனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் பிறை, நிபோங் திபால் அதைவிடத் தூரம். வேண்டுமானால் வரைபடத்தைப் பாருங்கள்.)

சண்டை எதுவும் இல்லை. பிள்ளையைப் பற்றி அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. இருவரும் சந்திப்பது ஒரு விளையாட்டுக்குள் மட்டும்தான். அங்கே எப்போதும் அந்திப்பொழுது. கடலுக்குள் இறங்கிப்போகும் படிக்கட்டு, அதன்மேல் மிதக்கும் விளக்குகள். அவள் கையில் வாள் மட்டும். அவனிடம் வாளும் கேடயமும்.

[ஹஸ்ருலை நான் நம்பவில்லை. இப்படி வாயடைத்துப் போகிறவன் உண்டா என்று எழுதி, அடித்துவிட்டேன். உண்டு.]

இன்றும் அவன் பிள்ளையைப் பற்றிப் பேசாவிட்டால் இனி விளையாட வருவதில்லை, வீட்டுக்கும் கூப்பிடுவதில்லை என்று ஸஹ்ரா முடிவு செய்திருக்கிறாள்.

3

என் மழையையே அவள் சன்னலிலும் பெய்யவிட்டிருக்கிறேன். ஹெட்போனில் அவன் மூச்சு கேட்கிறது. அவள் கேடயப் பக்கமாகச் சுற்றுகிறாள். அவனும் கூடவே திரும்புகிறான், தூக்கத்தில் நடப்பவனைப் போல.

“அபாங்,” என்கிறாள். கணவனை அப்படித்தான் கூப்பிடுவாள். “அக்கா வீட்ல சாப்பாடு ஓகேவா?”

“ஓகே லா.”

“உங்க சட்டையெல்லாம் இங்க அப்படியே இருக்கு.”

“ம்.”

(மேலே ஓங்கிக் காலை வெட்டுவது என்பது இதுதான். பலிக்கவில்லை.)

“எப்ப பாரு மறைச்சிக்கிட்டே இருக்கீங்க. போதும் அபாங். அந்தப் பெரிசை கீழ போடுங்க!”

பெரிசை என்றால் மலாயில் கேடயம். (நம் பழைய அகராதியிலும் பரிசை என்று இருக்கிறது. கப்பலேறிப் போய், மலாயாகி, ஸஹ்ராவின் வாய்க்கு வந்துசேர்ந்த சொல். இதை ஒரு பக்கம் விளக்கி எழுதினேன். உங்கள்மேல் இரக்கப்பட்டு நீக்கிவிட்டேன்.)

திரையில் ஹஸ்ருலின் கேடயம் விலகுகிறது. பிறகு வாளை ஓங்கிக்கொண்டு பாய்கிறான்.

“எப்படிக் கீழ போடச் சொல்ற? உனக்கு அவ்வளவு ஈஸியா?” அவன் குரல் உடைகிறது. “பிள்ளைக்கு வாங்கின மொத பரிசுன்னு நீதானே சொன்ன? நான் போடமாட்டேன்.”

“எத?”

“அந்தச் சின்னத் தொப்பிய. டெய்லி வேலைக்கு என் பாக்கெட்லதான் வருது.”

4

அவள் சொன்ன பெரிசை அவன் காதில் ‘பரிசை’ என்று விழுந்துவிட்டது. பிள்ளைக்கு வாங்கிய பரிசைத் தூக்கிப் போடச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான். ஸஹ்ராவோ, அலமாரியில் தொப்பியைக் காணாத நாள் முதல், அவன்தான் அதை எறிந்துவிட்டான் என்று நினைத்திருந்தாள். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. சொல்வதற்கென்ன.

முதல் முடிவு: “ஐயோ, நான் கேடயத்தச் சொன்னேன் லா,” என்று அவள் திருத்துகிறாள். அவன் கூச்சப்பட்டுச் சிரிக்கிறான். சிரித்து முடித்ததும் “ஓகே லா” என்கிறான். கேடயம் மறுபடி மேலே ஏறிவிட்டது.

இரண்டாவது: அவள் திருத்தவில்லை. அவன் வீடு திரும்புகிறான். ஆனால் பிள்ளையின் தொப்பியை எறியச் சொன்னவள் என்றே அவளைக் காலமெல்லாம் நினைத்திருப்பான். இதையும் எழுதினேன். கை கூசியது.

மூன்றாவதில் பாலத்தின்மேல் ஒரு கார் மழையைக் கிழித்துக்கொண்டு

சினிமா. வேண்டாம்.

5

அந்தி அப்படியே இருக்கிறது. விளக்குகள் மிதக்கின்றன. கடலுக்குள் இறங்கும் படியில் அவன் கேடயத்தைத் தாழ்த்தியபடி நிற்கிறான்.

“ஸஹ்ரா? இருக்கியா?”

எனக்கு இதற்குமேல் தெரியவில்லை. அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவன் இவ்வளவு நேரம் இப்படி நின்றதே இல்லை.