கண்ணி எடுத்த கடிகாரம்

1

இந்தக் கதை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. கதைக்கு அது ஒன்றும் கௌரவமான பிறப்பிடம் இல்லை, ஆனால் நடந்தது அதுதான். மேசையில் கிடந்த பத்திரிகையின் பின்னட்டை முழுக்க ஒரு தங்கக் கடிகாரம் உட்கார்ந்திருந்தது. விளையாட்டுக்காரர்களுக்கானது. பெரிய முகப்புக்குள் மூன்று குட்டி முகப்புகள். பக்கவாட்டில் பொத்தான்கள்: மேலே இருப்பதை அழுத்தினால் ஒரு முள் ஓடத் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். பல்வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தும் அது வேண்டும்போல் இருந்தது. ஏன் வேண்டும்போல் இருந்தது என்று ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

(வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறவனுக்குத் தங்கம் எதற்கு? தங்கம் கட்டியவன் எதற்கு ஓட வேண்டும்? கட்டுரை இந்த இடத்தில் படுத்துவிட்டது. கடிகாரத்தைப் பற்றி எழுத முதலில் ஒரு கை வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: கண்ணாடிக்குப் பின்னால் அது மின்னியது. அவர் தினமும் அந்தக் கடையைத் தாண்டும்போது...

வேண்டாம். கடை வாசலில் ஏங்கி நிற்பவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. என் ஆள் வாங்கியே விட்டவர்.

எல்லோரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தவர். கழுத்தில் பிளாஸ்டிக் ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆயுசு முழுக்க அடுத்தவர் வேகத்தை அளந்தவர். ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக இந்தத் தங்கக் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு மனைவியின் கடையில் போய் நின்றார். அவளுடையது துணி திருத்தும் கடை. நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, தளர்த்துவது.

"உங்களுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"திட்டுறத அப்புறம் திட்டு. முதல்ல கையில வாங்கி எடையப் பாரு."

வாங்கினாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. பொத்தானை அழுத்தினாள். டக்கென்று முள் கிளம்பியது. நிறுத்தினாள். பிறகு, யாரும் கேட்காமலே, மறுபடி அழுத்தினாள்.

(கவர்ச்சி என்பது இவ்வளவுதான் போலிருக்கிறது. திட்ட வாயெடுத்தவளையும் இன்னொரு தரம் அழுத்த வைப்பது. என் கட்டுரை முடிந்தது. கதைதான் முடியமாட்டேன் என்கிறது.)

3

கோச்சுக்கு வந்த நோயின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது ஒருவருக்குத் தன் வீட்டு ஞாபகம் வரும்.

அவர் இளைத்தார். சட்டை தொளதொளத்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்து மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவள் கை தானாக ஊசிக்குப் போனது. உடம்பு மாறினால் துணியை மாற்று, அது அவள் தொழில். சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தாள். கடிகாரம் மணிக்கட்டில் வழுக்கத் தொடங்கியதும், அவர் தூங்கும்போது அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாட்ச் கடைக்குப் போனாள்.

"செயின்ல ரெண்டு கண்ணி எடுத்துடுங்க."*

இதில் மகனும் இருக்கிறான். தூர தேசத்தில், நெடுநாள் வேலையில்லாமல் அலைந்து இப்போதுதான் ஒன்றில் சேர்ந்திருந்தான். லீவு கேட்டால் வேலை போய்விடும். மருந்தில் அப்பாவின் முகம் உப்பியிருந்ததால், வீடியோ காலில் அந்த முகத்தை அவன் நம்பவில்லை. நம்பியது கையைத்தான்.

"அப்பா, வாட்ச்ச ஆட்டிக் காட்டுங்க."

கோச் கையைத் தூக்கி ஆட்டுவார். கடிகாரம் இம்மியும் நகராது.

"அப்பாடா. கை அப்படியேதான் இருக்கு. வேலை உறுதியானதும் வந்துடறேன்."

மறுபடி தளர்ந்தபோது அவள் கழற்ற வேண்டியிருக்கவில்லை. கோச்சே கழற்றி, பிடித்துத் தைக்க வேண்டிய சட்டையோடு சேர்த்துத் தையல் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அப்படித்தான்.

* வாட்ச் கடைக்காரர் எனக்குச் சரிவரவில்லை. விஷயம் அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. ஒரு பிரதியில் அவர், "இதுக்கு மேல எடுக்கக் கண்ணி இல்லம்மா" என்றார். அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். இந்தப் பிரதியில் அவர் தலையாட்டுவதோடு சரி.

4

கோச் இறந்துபோனார். இந்த வாக்கியத்தை நீட்டி எழுதப் பார்த்தேன். நீளவில்லை.

மகன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் நாற்காலியைப் பார்த்தபடி நின்றான். அழக்கூட இல்லை. ஏதாவது கொடுத்தால் அழுவான் என்று நினைத்து, அவள் கடிகாரத்தை எடுத்து நீட்டினாள்.

"கட்டிக்கோப்பா. உனக்குத்தான்னு சொல்லியிருந்தாரு."

கட்டினான். கொக்கி எட்டவில்லை. இழுத்தான், சதையைப் பிடித்தது. போன தடவை வந்தபோது இதே கடிகாரம் அவன் முழங்கை வரை வழுக்கி, அப்பா கைகொட்டிச் சிரித்திருந்தார்.

"அம்மா, இது யாரோட வாட்ச்?"

"அப்பாவோடதுதான்."

கொக்கியை வெறுமே மாட்டி, அந்த வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அதற்குள் போகக்கூடிய கை எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"ஆட்டிக் காட்டினாரேம்மா. ஒவ்வொரு தடவையும் கேட்டேனே."

எத்தனையோ பேர் உடம்புக்குத் துணியைத் திருத்தியவள், இந்த ஒரு உடம்புக்கு மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று விட்டிருக்கக் கூடாதா?

அவன் நிமிர்ந்து கேட்டான்: "அப்பா செய்யச் சொன்னாரா? இல்ல, நீயா செஞ்சியா?"

5

"அப்பாதான்" என்று அவள் சொல்லும் முடிவை எழுதினேன். கடைசியில் அப்பாவே தன்னை வரவிடாமல் செய்துவிட்டார் என்று அவன் காலமெல்லாம் கறுவுகிறான். செத்தவரால் சமாதானம் சொல்ல முடியாது.

"நான்தான்" என்ற முடிவையும் எழுதினேன். அவன் வேலைக்குத் திரும்பிப் போகிறான். மெல்ல மெல்ல போன் குறைகிறது. அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பதை நான் மேலே எங்கும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இரண்டும் உண்மைதானே, இரண்டையும் சொல்லட்டுமே என்பீர்கள். சொல்லலாம். ஆனால் ஏதாவது ஒன்றுதான் முதலில் வாயில் வரும். இப்போது இருக்கிற நிலையில் முதலில் வருவதை மட்டும்தான் அவன் கேட்பான். மற்றது அவன் காதில் ஏறாது.

எதை முதலில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடியும் வைத்துப் பார்த்தேன், அவன் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் வாயைத் திறந்துவிட்டாள்.