நாற்பதாவது மரணம்

பொன்னப்பன் இறந்துவிட்டார் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கதையை எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஈப்பன் குரியன். ஆலப்புழையில் இதய டாக்டர். முப்பது வருஷமாக ஒரே நோயைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்: இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டாலே நோயாளி வீட்டில் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். இதயம் நின்றுபோவதல்ல அது, களைத்துப்போவது. ரத்தம் தேங்கும், கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணையில் தூங்கியவர் மூன்று தலையணை கேட்பார். நீர் மாத்திரையைத் தவறாமல் போட்டு, உப்பைக் குறைத்து, தினமும் எடை பார்த்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். வீட்டுக்குப் போனதும் இதில் ஒன்றையும் செய்ய மாட்டார்கள், அதுதான் தொல்லை.

என் ஆராய்ச்சி எளிமையானது. வீடு திரும்பும் நோயாளிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தோம். முதல் பாதிக்கு வாரம் ஒருமுறை நர்ஸ் போன் செய்வார். எடை எவ்வளவு, எத்தனை தலையணை, காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறதா, ஊறுகாய் தொட்டீர்களா. மற்ற பாதிக்கு வழக்கமான அறிவுரையும் மாத்திரையும் மட்டும். வருஷம் முடிந்ததும் அவர்களுக்கு ஒரே ஒரு போன், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று.

வாராவாரம் போன் செய்தவர் ஏலியாம்மா சிஸ்டர். அவருக்கு எந்த வீட்டில் மாமியார் கருவாடு வறுக்கிறாள் என்பது வரைக்கும் தெரியும். மற்ற பாதியின் அந்த ஒற்றைப் போனை நானே செய்தேன். பேராசிரியர் தன் கையாலேயே செய்கிறார் என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

கடைசி நாள், கடைசிப் பெயர் பொன்னப்பன், ஊர் கைனகரி. அதற்குள் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்திருக்கக் கூடாது, ஆனால் தெரியும். போன் போன பாதியில் இருபத்தைந்து மரணம், போகாத பாதியில் முப்பத்தொன்பது. புள்ளிவிவரம் பார்ப்பவர் காதில் போட்டிருந்தார்: முப்பத்தொன்பது என்றால் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவார்கள், நாற்பது என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும்.

ஒரு பெண் எடுத்தாள்.

"பொன்னப்பன் வீடா?"

"ஆமா. நான் சரோஜினி, அவரு வீட்டுக்காரி."

"நான் டாக்டர் ஈப்பன் பேசறேம்மா. அவரு எப்படி இருக்காரு?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போயிட்டாரு சாரே. என்னை விட்டுட்டுப் போயிட்டாரு."

"எப்போம்மா?"

"பதினேழாம் தேதி. காலையில கஞ்சி குடிச்சிட்டிருந்தாரு. பாதிக் கஞ்சியில எழுந்தாரு. அவ்வளவுதான்."

வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். 'திடீர் மரணம்' என்று எழுதினேன். அடியில் இரண்டு கோடு போட்டேன். துக்கத்தில் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேஜையிலிருந்து ஏலியாம்மா சிஸ்டர் கேட்டார். "சாரே, வீட்டுலயா ஆஸ்பத்திரியிலயான்னு கேக்கலையே? பஞ்சாயத்துச் சான்றிதழ் வாங்கணும்னு நம்ம விதி இருக்கே?"

"புருஷனைப் பறிகொடுத்தவகிட்ட சான்றிதழ் கொண்டான்னு கேக்கச் சொல்றீங்களா? சிஸ்டருக்கு மனசுன்னு ஒண்ணு இல்லையா?"

அறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர் முகம் சிவந்து குனிந்துகொண்டார். அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். அதற்கடுத்த வாரம் அவரைப் புறநோயாளிச் சீட்டுக் கவுன்டருக்கு மாற்றினேன். அங்கே அனுபவசாலி தேவை என்று காரணம் எழுதினேன்.

பிறகு நடந்ததெல்லாம் ஏறுமுகம். கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தது. வியன்னாவிலும் சிகாகோவிலும் பேசினேன். துறைத் தலைவர் ஆனேன். பதினான்கு ஊர்களில் போன் செய்வதற்கென்றே நர்ஸ்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு மேடையிலும் பொன்னப்பன் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "பாதிக் கஞ்சியில் ஒரு மனிதர் எழுந்தார். நாங்கள் ஒருமுறை கூப்பிட்டிருந்தால் மீதிக் கஞ்சியையும் குடித்திருப்பார்." அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். வியன்னாவில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தாள். எந்த இடத்தில் நிறுத்தினால் துடைப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி.

ஆறு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஏலியாம்மா சிஸ்டர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். அதில் கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கிய ஒருவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"சாரே, இவருக்குச் சீட்டுப் போட முடியல," என்றார் சிஸ்டர். "இவரு செத்துட்டாருன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. பேரு பொன்னப்பன், கைனகரி."

நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். பாதிச் சிரிப்பில் இருமல் வந்தது. "நான் கவுன்டர்லயே சொல்லிட்டேன் டாக்டரே, இவ்வளவு அவசரம் வேண்டாம், இன்னும் ஒரு வாரம் டைம் குடுங்கன்னு."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று சிஸ்டருக்குப் புரிந்தது. "எங்கே போயிருந்தீங்க?" என்று கேட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"மானந்தவாடிக்கு. அக்கா வீடு. நீங்கதானே உப்பு ஆகாதுன்னீங்க? வீட்டுக்காரி ஒரு வருஷம் உப்பில்லாத கஞ்சியா ஊத்தினா. மனுஷன் குடிப்பானா அதை? ஒருநாள் பாதியில எழுந்து பஸ் ஏறிட்டேன். அக்கா கண்ணிமாங்கா ஊறுகாயோட போட்டா. அங்க ஒரு டாக்டர் மாத்திரையும் குடுத்தாரு. இருந்துட்டேன்."

"ஆறு வருஷமா? ஒரு கஞ்சிக்காகவா?"

"முதல்ல கோபம் டாக்டரே. அப்புறம் வெக்கம். எந்த முகத்தோட திரும்பி வர்றது? யாராவது ஒருத்தர் போன் பண்ணி, எங்கடா இருக்கே, கிளம்பி வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். யாரும் கூப்பிடல. போன மாசம் அக்காவும் போய்ச் சேர்ந்துட்டா."

அவர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அது. முழு நிமிஷம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சிஸ்டரைத் தனியே அழைத்துச் சொன்னேன். "வார்டுல சேர்த்துடுங்க. பழைய நம்பரைத் தோண்ட வேண்டாம். புது நம்பர் போட்டுடுங்க."

"புது நம்பர் போட்டா, பழைய பொன்னப்பன் செத்தவராவே இருப்பாரு. அப்படித்தானே சாரே?"

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

அவர் போய்ப் புது நம்பர் போட்டார். அந்த மூன்று நாளும் நான் ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து கவனித்தேன். நரம்பில் மருந்து ஏற்றி நீரை வெளியேற்றினேன். அளந்து அளந்து பார்த்தேன், ஏழு கிலோ இறங்கியது. இவ்வளவு அக்கறையான டாக்டரை மாநிலத்தில் காண முடியாது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாராம். அக்கறை எதற்கென்று எனக்குத்தான் தெரியும். அடுத்த மாதம் என் ஆராய்ச்சியை வைத்து மாநிலம் முழுக்கத் திட்டத்தை விரிவாக்கப்போகிறார்கள். மேடையில் நான்தான் பேச வேண்டும். அதற்குள் இவர் குணமாகிச் சத்தமில்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும்.

நான்காம் நாள் காலை வார்டுக்குப் போனபோது கட்டிலருகே ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் தூக்குப் பாத்திரம். என்னைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"நான் சரோஜினி, சாரே. போன்ல பேசியிருக்கோம். இவரு இங்க இருக்காருன்னு சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னாங்க."

இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். எங்கள் ஆஸ்பத்திரி முத்திரை, கீழே என் கையெழுத்து. இறந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் அனுப்பிய கடிதம். ஒரே மாதிரி அறுபத்தைந்து கடிதங்களில் ஒரு மதிய உணவு இடைவேளையில் கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது.

"அன்புள்ள சரோஜினி," என்று அவர் வாசித்தார். "தங்கள் கணவரின் பிரிவால் தவிக்கும் தங்களுக்கு எங்கள் ஆறுதல். தாங்கள் தனியாக இல்லை."

மடித்தார். "இவரு ஓடிப்போனப்ப ஊரே சிரிச்சுது சாரே. கூடப்பிறந்த அண்ணன்கூட, நீ என்னத்தைச் சொல்லித் துரத்தினேன்னு என்னைத்தான் கேட்டான். ஒரு பெரிய டாக்டரு, புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கு உக்காந்து கடுதாசி எழுதறாரு. நீ தனியா இல்லைன்னு எழுதறாரு. சாமி படத்துக்குப் பின்னாடிதான் வெச்சிருந்தேன். மனசு கெட்டுப்போறப்பல்லாம் எடுத்துப் படிப்பேன்."

"எனக்கு ஒண்ணும் எழுதலையே," என்றார் கட்டிலில் இருந்த பொன்னப்பன்.

"நீ பேசாதே. ஓடிப்போனவனுக்கு எதுக்குக் கடுதாசி?"

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. என்னைத் திட்டியிருந்தால் நின்றிருப்பேன், சட்டையைப் பிடித்திருந்தாலும் நின்றிருப்பேன். அந்த நன்றியின் முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. அந்த அம்மாவின் புருஷன் செத்தான் என்று குதித்தவன் நான். ஏதோ முனகிவிட்டு வார்டை விட்டு வெளியே வந்தேன். கால் தானாகச் சீட்டுக் கவுன்டருக்குப் போயிற்று.

வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். அவர்களைத் தாண்டிச் சிஸ்டர் எதிரே போய் நின்றேன். "சிஸ்டரே, பொன்னப்பனோட பழைய நம்பரைத் திறங்க. உயிரோட இருக்காருன்னு மாத்துங்க."

அவர் திறந்தார். "மாத்தறதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சாரே. என்ன போட?"

"டாக்டர் ஈப்பன் கேக்கல. அப்படியே போடுங்க."

தட்டச்சு செய்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பத்திரிகைக்கு எழுதப் போறேன், கணக்குத் தப்புன்னு. உங்களை இங்க மாத்தினதும்..." என்று இழுத்தேன்.

"இங்க அனுபவசாலி தேவைன்னு நான் நம்பிட்டேன்னு நெனச்சீங்களா சாரே?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அந்தப் பதினாலு ஊர் நர்ஸ்களை நெனச்சாத்தான் பயமா இருக்கு," என்றேன். "நாற்பது இல்லைன்னா போனையும் நிறுத்திடுவாங்களே."

சிஸ்டர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "போன் பண்றது நல்ல காரியம் சாரே. நாற்பதுன்னாலும் நல்லது, முப்பத்தொன்பதுன்னாலும் நல்லது. நான் அதை நம்பினேன். நீங்கதான் நம்பல. அதான் உங்களுக்கு ஒரு சாவு தேவைப்பட்டுது."

நான் கவுன்டரை விட்டு நகரப் பார்த்தேன்.

"பத்திரிகைக்கு எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார். "சான்றிதழ் இல்லாம நீங்க காதால கேட்டு எழுதினவங்க இன்னும் பதினோரு பேரு. அவங்கல்லாம் எங்க போனாங்க?"

"நீங்களே கூப்பிட்டுக் கேட்டுடுங்களேன் சிஸ்டரே. உங்களுக்கு அந்தப் பேச்சு வரும்."

"நான் கேக்க மாட்டேன். நீங்கதான் கேக்கணும்."

கவுன்டரில் இருந்த போனை என் பக்கம் திருப்பி வைத்து, திரையைப் பார்த்து எண்ணைச் சொன்னார். அவுதக்குட்டி, சம்பக்குளம். வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க நான் அழுத்தினேன். வயதான ஒரு பெண்குரல் எடுத்தது. நான் யாரென்று சொன்னேன், அவுதக்குட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு போயிட்டாரே, சாரே," என்றது குரல்.

கேட்டேவிட்டேன். "எங்கேம்மா?"

அந்தப் பக்கம் குரல் வெடித்தது. "எங்கேயா? சர்ச் கல்லறைக்கு! வேற எங்க போவாரு? புருஷனைப் புதைச்சு ஏழு வருஷம் ஆகுது, இப்போ கூப்பிட்டு எங்கேன்னு கேக்கறியே, நீயெல்லாம் படிச்சவனா? உன்னைப் பெத்தவ இருக்காளா? இருந்தா போனை அவகிட்ட குடு!"

கவுன்டரைத் தாண்டி அது எல்லோருக்கும் கேட்டது. நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அந்த அம்மா திட்டித் தீர்த்து, அழுது, மூச்சு வாங்கி ஓயும்வரை நின்றேன். பிறகு தேதி கேட்டேன். இன்னும் இரண்டு வசவு விழுந்தது, அதற்குப் பின் தேதியும் வந்தது.

சிஸ்டர் அதை எழுதிக்கொண்டு அடுத்த எண்ணைச் சொன்னார்.