பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

எங்கள் ஊரில் விளையாட்டில் அடிபட்டால், அடிபட்ட உறுப்பை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். மீதி ஆள் வழக்கம்போல் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். கணுக்கால் ஆறு வாரத்தில் திரும்பிவிடும். முழங்கால் என்றால் மூன்று மாதம், தோள்பட்டை இன்னும் கொஞ்சம் இழுக்கும். உறுப்பு படுக்கையில் தேறுகிற நேரத்தில் உடம்பு சும்மா இருந்து கெட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது, அந்த ஓட்டையில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

ஆஸ்பத்திரியும் கபடி மைதானமும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு தார் ரோடு. ஆஸ்பத்திரி வாசல்வரை உறுப்பு ஜெபக்கனி மேடத்தின் பொறுப்பு. மேடம் பிசியோதெரபிஸ்ட். பத்து முறை தூக்கு, பத்து எண்ணும்வரை பிடி, மெதுவாக இறக்கு என்பதுதான் அவர் பாடம். எந்த உறுப்பாக இருந்தாலும் பத்துதான். அதற்கு மேல் எண்களை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர, புழங்கியதில்லை.

மைதானத்து வாசலைத் தாண்டிவிட்டால் முப்பிடாதி சார் பொறுப்பு. அவர் கபடி கோச். அவர் எண்ணத் தொடங்குவதே பன்னிரண்டிலிருந்துதான். பன்னிரண்டு, பதிமூன்று என்று விசில் அடித்தபடி எண்ணுவார். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நோயாளிகளுக்கான எண்கள் என்பது அவர் கட்சி.

ஆக, பதினொன்றுக்கு ஆள் இல்லை. சார் சொல்லிக்கொடுப்பார் என்று மேடம் நினைத்தார். மேடம் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார் என்று சார் நினைத்தார். இருவரும் இருபது வருஷமாகத் தினமும் ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். மழை, கரண்டு, பேரப்பிள்ளைகள் எல்லாம் பேச்சில் வந்திருக்கிறது, பதினொன்று மட்டும் வந்ததில்லை. தேறிய கால்கள் மைதானத்துக்குள் ஓடி, பத்தாவது அடியில் விறைப்பாக நிமிர்ந்து, பத்து எண்ணும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றன. எதிரணி வந்து தூக்கிப் போட்டது. பாதிக் கால்கள் மறுபடியும் வார்டுக்கே போய்ச் சேர்ந்தன.

கடைசியில் நகராட்சி ஒரு பதவியை உண்டாக்கி என்னைப் போட்டது. என் பாடம் பதினொன்று. நடுக்கோட்டைத் தாண்டி மைதானத்து வாசலுக்குப் பக்கமாக, ஆஸ்பத்திரி வாசலில் இருந்து சரியாகப் பதினோராவது அடியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பஸ்கள் ஒதுங்கிப் போகும். இரண்டு வாசலுக்கு உள்ளேயும் நான் கால் வைக்கக் கூடாது. அதில் எனக்கு வருத்தமில்லை. காலையில் நாற்காலியில் உட்காரும்போதே எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று இருக்கும். பதினொன்று அவ்வளவு அருமையான எண். கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை ஜெபக்கனி மேடம் ஒரு மஞ்சப்பையோடு வாசலுக்கு வந்தார். பையில் இசக்கியம்மாளின் வலது முழங்கால் இருந்தது.

"பத்துல நூத்துக்கு நூறு தம்பி. படி ஏறுது, சம்மணம் போடுது. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

இசக்கி மைதானத்து வாசலில் இருந்து ஓடிவந்தாள். எங்கள் ஊரிலேயே வேகமாக ரைடு போகிறவள். மாநில ஜூனியர் அணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் அவளுக்கு இருபது முடிகிறது, அதோடு ஜூனியர் கதவு சாத்திவிடும். சென்ற வருஷம் காய்ச்சலில் விட்டாள், அதற்கு முந்தின வருஷம் ஒரு புள்ளியில் விட்டாள். இனி விட இன்னொரு வருஷம் அவளிடம் இல்லை.

முப்பிடாதி சார் அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார். "ஞாயித்துக்கிழமை பன்னெண்டோட வரணும். பத்தோட வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். எனக்கும் மனசு கேக்காதுதான், ஆனா அனுப்பிருவேன்" என்றார்.

முழங்காலை அதன் இடத்தில் வைத்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறார்கள் அல்லவா, இரண்டு பக்கமும் கூச்சம்.

"நல்லா இருக்கீங்களா?" என்று இசக்கி அதைப் பார்த்துக் கேட்டாள்.

முழங்கால் மரியாதையாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. சிக்கல் அது மட்டுமல்ல. இந்த மூன்று மாதத்தில் அவள் தொடையும் கெண்டைக்காலும் நடுவில் ஆள் இல்லாமலே நேரடியாகப் பேசிப் பழகிவிட்டன. முப்பிடாதி சார் அவற்றுக்குப் புதிதாக இரண்டு வித்தைகள் வேறு சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் தொடைக்குப் பிடிக்கவில்லை. முழங்காலோ வார்டு வாழ்க்கைக்குப் பழகி, மத்தியானம் இரண்டு மணி ஆனால் தூங்கப் பார்த்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்து நடக்கவிட்டேன். ஒன்பது, பத்து. பத்தாவது அடியில் முழங்கால் விறைத்து நிமிர்ந்து பிடித்துக்கொண்டது. தென்காசி போகிற பஸ் ஒன்று வந்து நின்று, பத்து எண்ணி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனது. அன்றைக்கு இருபத்தாறு தடவை நடந்தாள். இருபத்தாறு தடவையும் பத்தில் நின்றது.

செவ்வாய்க்கிழமை இசக்கியை என் நாற்காலியில் ஏற்றி ஒற்றைக் காலில் குதிக்கவைத்தேன். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் நேராக நின்றது. பலத்தில் ஒரு குறையும் இல்லை, ஜெபக்கனி மேடத்தின் கை அப்படி. புதன்கிழமை டவுன் பஸ் டிரைவர்களிடம் சொல்லிவைத்தேன். அவர்கள் இஷ்டத்துக்கு ஹாரன் அடிப்பார்கள், எந்தப் பக்கம் ஹாரன் கேட்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இசக்கி திரும்பி ஓட வேண்டும். வார்டில் எல்லாமே சொல்லிவிட்டு வரும். மைதானத்தில் எதுவும் சொல்லிக்கொண்டு வராது. சாயங்காலத்துக்குள் முழங்கால் ஹாரனுக்கு முன்னாலேயே திரும்பத் தொடங்கிவிட்டது. தொடையும் அதை மதித்து வழிவிட ஆரம்பித்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் எப்படித் திரும்பினாலும் எவ்வளவு வேகமாகப் போனாலும், எண்ணிக்கை பத்தைத் தொட்டதும் அது நின்றது.

வியாழக்கிழமை காலையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வழக்கமாக மற்ற கால்கள் மூன்றாம் நாளே பதினொன்றை முகர்ந்தாவது பார்க்கும். இது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இசக்கி, முழங்கால் ஜவ்வு எங்க வச்சு அறுந்துச்சு?"

"மைதானத்துலதான் அண்ணே."

"அது தெரியும். எத்தனாவது அடியில?"

அவள் யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உதட்டால் எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பதினொண்ணுல. ரெண்டு பேரு இடுப்பைப் பிடிச்சாங்க, நான் திரும்பினேன், சத்தம் கேட்டுச்சு. யாரும் இதைக் கேக்கல அண்ணே. ஆஸ்பத்திரி சீட்டுல தேதி மட்டும்தான் எழுதினாங்க."

அந்த எண்ணுக்கு நான் உத்தியோகம் பார்க்கிறேன். அதை ஒரு கால் இவ்வளவு பயத்தோடு தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது, நான் நான்கு நாளாக அதன்மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று முழுவதும் நடக்கவிடவில்லை. இசக்கி பிளாட்பாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டு பேருமே தூங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வழி கிடைத்தது. எவ்வளவு எளிது என்று நினைத்தபோது எனக்குக் கை கால் நிற்கவில்லை, பல் விளக்கியும் விளக்காமலும் ஓடினேன். பத்திலிருந்து போனால்தானே பதினொன்று பயமுறுத்தும்? பன்னிரண்டிலிருந்து வந்தால்?

முப்பிடாதி சாரைக் கூப்பிட்டு, இசக்கியை மைதானத்து வாசலில் ஆஸ்பத்திரியைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பழக்கமான குரலில் "பன்னெண்டு" என்றார். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். அடுத்த அடி என் நாற்காலி பக்கத்தில் விழுந்தது. அதற்கடுத்த அடி பத்து. முழங்கால் ஆசையாக நிமிர்ந்து பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான், தான் எதைத் தாண்டி வந்திருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்தது. லேசாக நடுங்கியது. அப்புறம் நடுக்கம் நின்றது.

"வந்துட்டியேடி" என்றாள் இசக்கி. திங்கட்கிழமையில் இருந்து அதை வாங்க போங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று நாற்பது தடவை. சனிக்கிழமை அவளைத் திருப்பி நிறுத்தினோம். காலையில் பத்தில் நின்றது. மத்தியானமும் நின்றது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரே ஒரு தடவை, ஹாரன் சத்தத்துக்கு நடுவில், பத்தைத் தாண்டிப் பதினொன்றில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றியது. உடனே எடுத்துக்கொண்டது. அது போதுமா என்று முப்பிடாதி சார் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. வாசலிலேயே திருப்பி அனுப்புவேன் என்ற முப்பிடாதி சார், இசக்கி வந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே விட்டார். எனக்கு உள்ளே போக அனுமதி இல்லையாதலால் ரோட்டில் நாற்காலி மேல் ஏறி நின்றேன். எனக்குப் பின்னால், ஆஸ்பத்திரி வாசலில், ஜெபக்கனி மேடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஊர்ப் பெண்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள். எதிர்ப்பக்கம் ஏழு பேர். ஏழு பேரின் கால்களும் எனக்கு உத்தியோகம் கிடைப்பதற்கு முன்பே வார்டில் இருந்து தேறி வந்தவை.

கடைசி ரைடு. இசக்கி அணி மூன்று புள்ளி பின்னால். அவள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினாள். கபடி, கபடி என்ற பாட்டு எனக்கு ரோடுவரை கேட்டது. ஐந்தில் ஒரு தோளைத் தொட்டாள். ஏழில் இன்னொன்று. எட்டிலும் ஒன்பதிலும் தலா ஒருத்தியைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். பத்தில் முழங்கால் விறைத்து நிமிர்ந்தது.

இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள். போன தடவை பிடித்த அதே இருவர். மூச்சைப் பிடித்துப் பாடுகிறவள் வேறு ஒரு வார்த்தையும் பேச முடியாது, அதனால் அதனிடம் கெஞ்சவோ அதைத் திட்டவோ அவளுக்கு வழியில்லை. பாட்டை மட்டும் விடாமல், கையை இறக்கி முழங்கால் மேல் வைத்தாள். பிளாட்பாரத்தில் வைத்திருந்தாளே, அதே மாதிரி. மேடம் வாசலில் பிடிப்பை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் எதையும் எண்ணவில்லை.

நான்கு எண்ணுவதற்குள் முழங்கால் மடங்கியது. மடங்கி, தன் இஷ்டத்துக்கு, பதினொன்றை வைத்தது. முழுப் பாதம். இடுப்பைப் பிடித்திருந்த இருவரும் இழுபட்டார்கள். பன்னிரண்டு என்று முப்பிடாதி சார் அலறினார். ஏழு பேரும் துரத்தினார்கள், ஒவ்வொருவரும் தத்தம் பத்தாவது அடியில் நிமிர்ந்து நின்று பிடித்துக்கொண்டார்கள். அந்த ஏழு பேரும் அப்படியே நின்றிருக்க, இசக்கி கோட்டைத் தாண்டி விழுந்தாள். நான் நாற்காலியில் இருந்து குதித்துவிட்டேன். எந்தக் காலில் இறங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை. மேடம் அழுதுகொண்டே என்னிடம், "அந்த நம்பர் பேரு என்ன தம்பி, இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன்.

தேர்வுக்குழுத் தலைவர் மைக்கில் பட்டியலை வாசித்தார். மாநில அணிக்கு எங்கள் ஊரில் இருந்து ஒரு முழங்கால், வலது, தேர்வாகியிருந்தது. இசக்கியம்மாள் என்ற பெயர் பட்டியலில் இல்லை. இசக்கி எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கைதட்டினாள். மனசாரக் கைதட்டினாள்.

தேர்வானவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. தலைவர் குனிந்து முழங்காலிடம் யாரைக் கூட்டிவருகிறது என்று கேட்டார். முழங்கால் அவசரப்படவில்லை. பிறகு இசக்கியின் பக்கமாக, மெதுவாக ஒருமுறை மடங்கியது. தலைவர் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு நானே வழியனுப்பப் போனேன். முழங்காலுக்குக் கீழ்ப் படுக்கையும் இசக்கிக்கு மேல் படுக்கையும் போட்டிருந்தார்கள்.