மைக்கம்மா கேட்ட ஓட்டு

கட்சிச் செயலாளர் வந்தபோது மைக்கம்மா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்த மனுஷர் தப்பாக எடுத்துக்கொண்டு, "விடுங்கக்கா, தேர்தல்னா தோக்கறதும் இருக்கத்தானே செய்யும்" என்று ஆரம்பித்தார். நல்ல மனுஷர்தான். ஆறுதல் சொல்லத் தெரியும், ஜெயிக்கத்தான் தெரியாது.

மேயர் தேர்தலில் அவர்கள் கட்சிக்கு மூன்றாம் இடம். சம்பளம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நிதானமாகப் பேசுகிற கட்சி. இந்தக் காலத்தில் நிதானம் யாருக்கு வேண்டும்? யாருக்கும் பாதி ஓட்டு விழாததால், முதல் இரண்டு பேருக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போட்டி. ஒருவன் கான்ட்ராக்டர், ஒவ்வொரு தேர்தலிலும் நிற்பவன். மற்றவன் வேலிக்காரன். ஊரைச் சுற்றி வேலி போடுவேன், எல்லை தாண்டி வந்து குடியேறியவர்களின் தங்கும் அனுமதியை ரத்து செய்து வெளியே அனுப்புவேன் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"நம்ம ஓட்டெல்லாம் கான்ட்ராக்டருக்கு விழணும்கா. நீங்க மைக்ல சொன்னாத்தான் விழும்."

மைக்கம்மாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. கான்ட்ராக்டர் கட்டிய பள்ளிக்கூட மாடி இடிந்து விழுந்தபோது அடியில் கிடந்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன். சிமெண்டைத் திருடிவிட்டு மண்ணை அள்ளிப் போட்டிருந்தான் படுபாவி. வழக்கு நடந்தது, நடக்கிறது, இன்னமும் நடந்துகொண்டே இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் கட்சி வேனில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் தெருத் தெருவாகப் போவாள். கையில் துண்டுக் காகிதம் கிடையாது. ஒவ்வொரு முனையிலும் பேச்சை முடிக்கும்போது, "சிமெண்டுல மண்ணைக் கலந்தவன்..." என்று பாதியைச் சொல்லி நிறுத்துவாள். மீதியைத் தெரு சொல்லும். "வாயில மண்ணைப் போடு!"

"என் தம்பியைக் கொன்னவனுக்கு நான் ஓட்டு கேக்கணுமா? உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்குக்கா. அதான் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார் செயலாளர். குரலைத் தாழ்த்தி, "அவன் திருடன். ஒத்துக்கறேன். ஆனா திருடன் யாரையும் ஊரை விட்டுத் துரத்த மாட்டான். உங்க மருமகளை நினைச்சுப் பாருங்க" என்றார்.

அவர் குரலைத் தாழ்த்தியது வீண். அது ஒரே அறை அகலமுள்ள வீடு. அடுப்படியில் நின்ற தம்பி மனைவிக்கும் கேட்டது, வாசலில் துணி உலர்த்திய மருமகளுக்கும் கேட்டது. தம்பி போன பிறகு அவன் மனைவி நாத்தனாரோடு இங்கேதான் இருக்கிறாள். மைக்கம்மாவின் மகனைக் கட்டிய மருமகள் சின்ன வயதில் தாயோடு எல்லை தாண்டி வந்தவள். மகன் லாரியோடு தூர ஊர்களில் கிடக்க, வீட்டில் இந்த மூன்று பெண்களும் ஒரே அடுப்பு, ஒரே குழாய், ஒரே டிவி என்று வாழ்கிறார்கள். டிவிக்காகச் சண்டை வரும். வேறு எதற்கும் வந்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் செயலாளர், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே. "வந்து குடியேறினவங்க பேச்சை மைக்ல எடுக்காதீங்க. நம்ம ஆளுங்களே பாதிப் பேர் அந்த விஷயத்துல ஆடிப் போயிருக்காங்க. ரோடு, தண்ணி, குப்பை, இதோட நிறுத்திக்கலாம். கட்சி முடிவு."

அவர் போன பிறகு மைக்கம்மா அடுப்படிக்குப் போய் நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலைக்கா" என்றாள் தம்பி மனைவி, திரும்பாமலே. "உங்க வாய், உங்க மைக். ஆனா அவர் செத்த அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னீங்கன்னு மட்டும் நினைச்சுக்கோங்க."

என்ன சொன்னாள் என்று மைக்கம்மாவுக்கு மறக்குமா? உயிர் உள்ளவரை அவனை விடமாட்டேன் என்று சொன்னாள்.

 மருமகளின் சான்றிதழ்கள், அனுமதி அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அலமாரிக்குள் இருந்தன. மறுநாள் காலையில் அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவசரத்துக்குக் கைக்கு எட்ட வேண்டும் அல்லவா. அதைப் பார்த்ததும் மைக்கம்மா, செத்தவன் இனி வரப்போவதில்லை, இருப்பவளையாவது காப்பாற்றுவோம் என்று வேனில் ஏறிவிட்டாள்.

முதல் தெருவில் ஜனங்கள் வழக்கம்போல வாசலுக்கு வந்தார்கள். ரோடு பேசினாள், தண்ணீர் பேசினாள், குப்பை பேசினாள்.  "இந்த ஒரு தடவை கான்ட்ராக்டருக்கு உங்க ஓட்டைப் போடுங்க" என்று எப்படியோ சொல்லி முடித்து, மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அங்கேதான் தவறு நடந்தது. இத்தனை வருஷப் பழக்கம், முனை வந்ததும் வாய் தானாகவே நின்றுவிட்டது, தெரு மீதியைச் சொல்லட்டும் என்று. தெருவும் சொன்னது.

"வாயில மண்ணைப் போடு!"

சிரிப்பு கொல்லென்று எழுந்தது. இஸ்திரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேன் அருகே வந்தார். "என்னம்மா, உங்களுக்கும் விலை படிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். என் மருமகளுக்காகத்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. கட்சி முடிவு நினைவுக்கு வர, அதை விழுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு வேனை எடுக்கச் சொன்னாள். அடுத்தடுத்த தெருக்களில் நிறுத்தாமல் பேசப் பார்த்தாள். நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் தெரு தன் பாதியைச் சொன்னது.

சனிக்கிழமை மார்க்கெட் முனையில் வேலிக்காரனின் வேன் எதிரே வந்தது. அதன் ஒலிபெருக்கியில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். "என் தம்பி மேல விழுந்தது கட்டடம் இல்லைங்க, மண்ணு! இவனுக்கு ஓட்டுப் போடுற கை வெளங்குமா?" அட, அது அவள் குரல். தம்பியின் இரங்கல் கூட்டத்தில் அவள் பேசியது. சிமெண்டும் மண்ணும் என்ற அந்த வாசகம் முதலில் பிறந்ததும் அங்கேதான். மைக்கம்மா கையிலிருந்த மைக்கை மடியில் வைத்துவிட்டாள். தன்னையே எதிர்த்து என்ன பேசுவது? அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லையே.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அந்தக் கூட்டத்துல பேசினது உன் போன்ல மட்டும்தானே இருந்துச்சு?"

"நான்தான் குடுத்தேன்" என்றாள் தம்பி மனைவி. பருப்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "அந்தக் கொலைகாரன் மேயர் நாற்காலியில உக்காந்து, அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கொடியேத்த வருவான். நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"இவளை அனுப்பிடுவாங்கடி!"

"அதெல்லாம் ஓட்டுக்காகச் சும்மா பேசுறதுக்கா. ஜெயிச்சா யாரு செய்யறா?"

ஞாயிற்றுக்கிழமை வேலிக்காரன் ஜெயித்தான். மைக்கம்மாவின் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. செயலாளர் போன் செய்து, நீங்க மட்டும் பேசலைன்னா இன்னும் கேவலமா தோத்திருப்போம் என்றார். மைக்கம்மா போனை வைத்துவிட்டாள்.

வேலிக்காரன் சும்மா பேசவில்லை. பதவியேற்ற வாரமே வீட்டுக்கு ஆள் வந்து அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டு போனான். மகன் பாதி வழியில் லாரியை விட்டுவிட்டு, எல்லையில் வந்து சேர்ந்துகொள்வதாகப் போனில் சொன்னான். மருமகள் துணிகளை மடித்தாள். தம்பி மனைவிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நான் உனக்கு எதிரா போடலைடி. அவனுக்கு எதிராத்தான் போட்டேன். சத்தியமா."

"தெரியும் சின்னத்தை" என்றாள் மருமகள், கையை விடுவித்துக்கொள்ளாமலே. "உங்க இடத்துல இருந்தா நானும் என்ன பண்ணியிருப்பேனோ."

வாசலில் வேலிக்காரனின் வேன் நன்றி சொல்லிக்கொண்டு போனது. அந்தப் பதிவு அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருக்க வேண்டும், இன்னும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவில் தம்பிக்காக மைக்கம்மா அழுதாள், தழுதழுத்தாள், ஆண்டவனைக் கூப்பிட்டு நியாயம் கேட்டாள். மருமகள் துணிப் பையோடு நின்று கடைசி வரை கேட்டாள்.

"உனக்காகத்தான் அந்தப் பாவிக்கு ஓட்டுக் கேட்டேன்" என்றாள் மைக்கம்மா. 

"ஒவ்வொரு தெருவுலயும் கேட்டுக்கிட்டே நின்னேன் அத்தை, கூட்டத்துக்குப் பின்னாடி. ரோடு பேசுனீங்க, தண்ணி பேசுனீங்க." மருமகள் துணிப் பையைத் தோளில் மாட்டினாள். "செத்தவங்களுக்காக எவ்வளவு நல்லாப் பேசுறீங்க. எனக்காக ஒரு வார்த்தை பேசலையே."

மைக்கம்மா வாயைத் திறந்தாள். வேன் தெருமுனையில் போய் நின்றிருந்தது. அதில் அவள் பழைய குரல், "சிமெண்டுல மண்ணைக் கலந்தவன்..." என்று பாதியைச் சொல்லி நிறுத்தியது. தெரு மீதியைச் சொன்னது. மருமகள் பிளாஸ்டிக் பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள்.