முன்வரிசை நடு நாற்காலி

நகர்மன்றத்தில் யார் தலையாட்டினால் மற்றவர்கள் கை தூக்குகிறார்கள் என்பதைப் புதிய உறுப்பினர் முதல் கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் அவள். வண்டி திரும்புமுன் ஓட்டுகிறவரின் கண் திரும்பும். பக்கத்து சீட்டிலிருந்து அதைக் கவனிப்பதுதான் பிழைப்பு. மன்றத்திலும் அதே கதை. தீர்மானம் வாசித்ததும் உறுப்பினர்களின் கண்கள் பார்வையாளர் பகுதிக்கு ஓடின. அங்கே முன்வரிசை நடு நாற்காலியில் பாட்டில் தண்ணீர் கம்பெனி முதலாளி. அவர் தலை லேசாக அசைந்த பிறகுதான் கைகள் உயர்ந்தன.

இன்றைய தீர்மானம், ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸை அவருக்கே குத்தகைக்கு விடுவது. நிறைவேறினால் பாதி ஊருக்குக் குழாயில் காற்றுதான் வரும்.

"எதிர்த்துப் பேசப்போறியா?" என்றான் கணவன், காலையில் ஹெல்மெட்டைத் துடைத்தபடி.

"பேசினா யாரு கேக்கறா? தலைவரோட அக்காவைக் கூட்டிட்டுப் போறேன்."

"தையல்கடை அக்காவையா? தலைவர் பாவம்டி."

"தண்ணியில்லாம நிக்கப்போற நாம பாவமில்லையா?"

கூட்டத்துக்கு வெகுமுன்பே அக்கா அந்த நடு நாற்காலியில் அமர்ந்துவிட்டாள். பின்னால் டிரைவிங் ஸ்கூல் மாணவர்கள், எல்லா வார்டுகளிலிருந்தும். மருந்துக்கடைக்காரர், டீச்சரம்மா, கிளட்சைக் கண்டாலே நடுங்கும் முடிதிருத்துபவர்.

முதலாளி வந்தார். அவருடைய உதவியாளன் குனிந்தான். "அம்மா, இது ஐயா உக்கார்ற இடம்."

"எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல, எப்பவும் அவருதான்..."

"நானும் எப்பவும் ஓட்டுப் போட்டுட்டுத்தாம்பா இருக்கேன். இன்னிக்குத்தான் உக்கார இடம் கிடைச்சிருக்கு."

முதலாளி தூண் ஓரம் போய் நின்றார்.

தலைவர் வழக்கம்போலக் குனிந்த தலை நிமிராமல் தீர்மானத்தை வாசித்து முடித்தார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க." மேசையைத் தட்டச் சுத்தியல் தயாராக இருந்தது.

பழக்கதோஷம். எல்லாக் கண்களும் நடு நாற்காலிக்குப் போயின. அக்காவின் தலை அசையவில்லை. அவளுக்குப் பின்னால், தங்களுக்கு ஓட்டுப் போட்ட முகங்கள். பாதி எழுந்த ஒரு கை, அப்படியே போய்த் தலையைச் சொறிந்தது.

கைகள் எழும் சலசலப்பு கேட்காததால் தலைவர் நிமிர்ந்தார். "அக்கா, நீ எங்க இங்க?" மைக் அதை மன்றம் முழுக்கக் கொண்டுபோனது.

"தண்ணி என்னாகப்போகுதுன்னு பார்க்க வந்தேன்டா. நீ நடத்து."

தூணருகே ஒரு இருமல் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

தலைவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எதிர்க்கிறவங்க?"

டிரைவிங்காரியின் கை முதலில் எழுந்தது. அடுத்தது, தலை சொறிந்த கை. பிறகு மளமளவென்று கைகள். தீர்மானம் விழுந்தது.

வாசலில் முதலாளி சிரித்தபடி அக்காவை வழிமறித்தார். "இன்னிக்கு நீங்க. அடுத்த கூட்டத்துக்கு நான் முன்னாடியே வந்துடுவேன்."

"வாங்க," என்றாள் அக்கா. "பின்வரிசை காலியாத்தான் இருக்கும்."

டிரைவிங்காரி மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "அடுத்த தடவை நடு நாற்காலிக்கு யாரு?"

முடிதிருத்துபவரின் கை சட்டென்று மேலே போனது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.