தண்ணீருக்கு வைத்த பத்திரிகை

சைத்ரா நீச்சல் குளத்தில் இறங்கினால் தண்ணீர் ஒரு சாண் தள்ளி நின்றுகொள்ளும். பீளமேட்டில், மூடிப்போன ஒரு மில்லின் இடத்தில் கட்டிய குளம் அது. மூன்றடி ஆழத்தில் சுற்றிலும் தண்ணீர் சுவர் வைத்தாற்போல் நிற்க, நடுவில் அவள் காய்ந்த தரையில் மஞ்சள் தொப்பியோடு நிற்பாள். முதல் கோடையில் எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். இரண்டாம் கோடையில், குளத்துக்குள் விழுந்த சாமான்களை எடுத்துத் தர அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு தங்கக் கம்மல், ஒன்பது நீச்சல் கண்ணாடி, பெரியவர் ஒருவரின் பல்செட் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான். மூன்றாம் கோடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குடிக்கிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் அவளுக்கு ஒழுங்காகத்தான் வந்தன. பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளியானாலும் வாசலில் வந்து நிற்பவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்காமல் விடுவதில்லையே, அந்த மாதிரி. இறங்கிப் பழகலாம் என்று போனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். இங்கே ஒருவரும் அடிக்கவில்லை, விலகிவிட்டது.

அந்தக் குளத்தில் ஆறு நிலைகள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டால் முதல் நிலை தேறி மஞ்சள் தொப்பி பச்சையாகும். பச்சையில் மல்லாந்து மிதக்க வேண்டும், நீலத்தில் பலகையைப் பிடித்துக் காலடிக்க வேண்டும். இப்படியே போய், ஆழக்குளத்தில் நான்கு முறை போய்வந்தால் சிவப்பு. சைத்ராவோடு சேர்ந்த ரைஹான் இப்போது ஆரஞ்சுத் தொப்பி. அவளோ குமிழி விடத் தண்ணீர் இல்லாமல் மஞ்சளிலேயே நின்றாள். ஆடி பிறந்தால் அவளுக்கு எட்டு வயது முடியும். எட்டு முடிந்தும் முதல் நிலை தேறாத பிள்ளைகளைச் சிறுகுளத்தில் சேர்ப்பதில்லை என்பது அங்கே விதி.

அவளுடைய அப்பா கிருபாசங்கர் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி வைத்திருப்பவர். ஆயிரம் அடியில் கிடக்கிற தண்ணீரையே மேலே கொண்டுவருகிறோம், பக்கத்தில் நிற்பதைக் கொண்டுவர முடியாதா என்று ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றை இறக்கி மகள் மேல் பீய்ச்சிப் பார்த்தார். தண்ணீர் அவளைச் சுற்றி வளைந்துபோய் அவரைத் தலையோடு நனைத்தது. சட்டைப்பையில் இருந்த செல்போனோடு ஆராய்ச்சியும் முடிந்தது.

அம்மா மோகனப்பிரியா தினமும் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது, தண்ணீரைக் கண்டாலே பயம். ஒரு நாள் ஸ்கூட்டரில் திரும்பும்போது, அவிநாசி ரோட்டு சிக்னலில், பின்னால் இருந்து சைத்ரா மெதுவாகக் கேட்டாள்.

“ஏம்மா, தண்ணிக்கு என்னையப் புடிக்கலையா?”

பச்சை விளக்கு எரிந்தும் மோகனப்பிரியாவுக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அன்று அவளுக்கு நெஞ்சே ஆறவில்லை.

மறுநாள் அவள் நீச்சல் டீச்சர் மெர்சியிடம் போய் நின்றாள். மெர்சி புதியவளல்ல. பொள்ளாச்சிப் பக்கம் மோகனப்பிரியாவின் அப்பாவுடைய தென்னந்தோப்பில்தான் மெர்சியின் அப்பா அம்மா வேலை செய்தார்கள். ஐந்தாவது வரை இருவரும் ஒரே பெஞ்சு. தோப்புக் கிணற்றில் மெர்சி வீட்டார் இறங்கக் கூடாது என்பதால் அவள் வாய்க்காலில் நீந்திப் பழகினாள், ரயில்வேக்காக நீந்தி மெடல் வாங்கினாள், போத்தனூரில் வீடு கட்டினாள். அதே கிணற்றில் இறங்க உரிமை இருந்த மோகனப்பிரியா கடைசிவரை இறங்கவேயில்லை. குளத்தில் இத்தனை நாள் சந்தித்தும் இருவரும் பழையதைப் பேசியதில்லை, டீச்சருங்க, பாப்பாவுங்க என்றே ஓட்டிவிட்டார்கள்.

மெர்சி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, பாப்பா காதுகுத்துக்கு எனக்கு வாட்ஸ்அப்புலதான் பத்திரிகை அனுப்புனீங்க. நான் வரலீங்க. கோவமெல்லாம் இல்லீங்க, நேருல கூப்புடாத ஊட்டுக்கு எந்த மொகத்தோட வாறது? எங்கம்மாவுக்கும் விசேஷம்னா உங்கூட்டு ஆளுக தெரு முக்குல நின்னு சத்தம்போட்டுத்தான் சொல்லிட்டுப் போவாங்க. எனக்கே இத்தனை நெனப்பு இருக்குது. தண்ணிக்கு இருக்காதுங்களா?”

மோகனப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விசேஷம் வைத்தால் முதல் வெற்றிலை கிணற்றுக்கு என்பது அவள் பிறந்த வீட்டு முறை. சைத்ராவின் காதுகுத்து கொரோனா அடங்கிய வருடம் நடந்தது. அப்பார்ட்மெண்டில் கிணறு ஏது என்று அந்த வெற்றிலையை விட்டுவிட்டார்கள். ஊருக்கெல்லாம் செல்போனில் பத்திரிகை போனது. தண்ணீரிடம் செல்போன் இல்லை.

நல்ல வேளையாக, சைத்ராவின் தம்பி சின்னவனுக்குக் காதுகுத்து வைகாசியில் வந்தது. மோகனப்பிரியா பத்திரிகை அடித்து, ஒன்றை டிரைவரிடம் கொடுத்துக் குளத்துப் படியில் வைக்கச் சொன்னாள். புத்தி அவ்வளவு சீக்கிரம் மாறிவிடுமா? மறுநாள் காலை பத்திரிகை பெற்றோர் பெஞ்சின் மேல், பொட்டு ஈரமில்லாமல் மொடமொடவென்று கிடந்தது. தண்ணீர் திருப்பி அனுப்பியிருந்தது.

அதன் பிறகுதான் புருசனும் பெண்டாட்டியுமாகப் புறப்பட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, ஒரு சீப்புப் பழம். முதலில் போத்தனூர். மெர்சி வீட்டில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த செம்பை வாங்கி மோகனப்பிரியா அண்ணாந்து குடித்தாள். அவள் பிறந்த வீட்டில் இதுவரை யாரும் மெர்சி வீட்டுத் தண்ணீரைக் குடித்ததில்லை. குடித்து முடிக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. மெர்சி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பத்திரிகையைப் படித்தாள்.

அங்கிருந்து நேராகக் குளம். மோகனப்பிரியா பட்டுச் சேலையோடு, கைப்பிடிக் கம்பியை விடாமல், ஒவ்வொரு படியாக முழங்கால் வரை இறங்கினாள். அந்தப் பயத்திலும் முறை தவறாமல் சொன்னாள்.

“ஏனுங்க, வர்ற ஞாயித்துக்கெழம பையனுக்குக் காதுகுத்துங்க. போன தடவ உங்களக் கூப்புடாதது எங்க தப்புங்க. மனசுல வெச்சுக்காம குடும்பத்தோட வரோணுங்க.”

தட்டிலிருந்த வெற்றிலை தானாகத் தண்ணீருக்குள் நழுவி, ஒரு சுற்றுச் சுற்றி அடியில் போனது.

ஞாயிறு காலை வாட்ச்மேன் தம்பிதுரை வந்து பார்த்தபோது குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விசேஷத்துக்குப் போயிருக்கிறது என்று பலகையில் எழுதி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். மண்டபத்துக்குத் தண்ணீர் பத்தரைக்கு வந்து சேர்ந்தது. கால்மிதியில் நின்று துடைத்துக்கொண்டு, கணுக்கால் உயரத்துக்கு அடக்கமாக உள்ளே வந்தது. கிருபாசங்கர் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றார். மாமன் மடியில் சின்னவன் வீறிட்டு அழுது முடிந்ததும் முதல் பந்தியிலேயே தண்ணீர் மெர்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் இலைக்கு டம்ளர் வைப்பதா வேண்டாமா என்று பரிமாறியவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். முறை முறைதான் என்று வைத்தார்கள். இனிப்புக்கு வைத்த ஒப்புட்டு மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது. மெர்சியும்தான்.

திங்கட்கிழமை சைத்ரா படியில் இறங்கினாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது, முழங்காலுக்கு வந்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அவள் மூச்சை இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, மூன்று கோடைக்கும் சேர்த்துக் குமிழி விட்டாள். எழுந்தபோது இருமலும் தும்மலும் கண்ணீருமாக இருந்தாள். பெஞ்சைப் பார்த்து, “மூக்குக்குள்ள எல்லாம் வந்துருச்சும்மா” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அதைச் சொல்லி அந்தக் குளத்தில் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் பெரிய முகூர்த்த நாட்களில் அந்தக் குளத்துக்கு விடுமுறை. பீளமேட்டில் பாதி வீடுகளில் இருந்து அதற்குப் பத்திரிகை வருகிறது, நேரில்தான். மற்ற நாட்களில் காலை ஆறரைக்குப் பெரியவர்களுக்கான முதல் நிலை வகுப்பு நடக்கிறது. வரிசையில் கடைசியாக, கம்பியைப் பிடித்தபடி, மகளின் பழைய மஞ்சள் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு மோகனப்பிரியா நிற்கிறாள். பயப்படாம மொகத்த வெய்யி மோகனா என்கிறாள் மெர்சி, ஐந்தாவதில் கூப்பிட்டதுபோல.