பழனியில் வியர்த்து வாங்கிய வெளிச்சம்

1

அன்று கடையில் இருந்தவர்கள்: என் அண்ணன் குருநாதன், மின்விசிறிக்கு நேர்கீழே, பிளாஸ்டிக் ஸ்டூலில். விசாலாட்சி அம்மாள், கல்லாவுக்கு எதிரே இருந்த ஒரே மெத்தை நாற்காலியில். வயரிங் வேலை பார்க்கும் ராஜ்மோகன், ஒயர்ச் சுருள் அடைத்த அட்டைப்பெட்டியின் மேல். தாரணியாகிய நான், மாடிக்குப் போகும் மரப்படியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. விற்பனையைக் கவனித்த ஸ்வேதாவுக்கு உட்கார இடமில்லை. கூரை முழுக்க எரிந்துகொண்டிருந்த விளக்குகளை அவள் ஒரு நீளக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

இடம் பழனி. காலம் சித்திரை, உச்சி வெயில்.

பண்ணைக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சர், யார், எங்கே, எப்போது என்று எழுதிவிட்டால் மீதி தானாக வந்துவிடும் என்பார். எழுதிவிட்டேன். மீதி வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது வராததால் கதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "பள்ளங்கியில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்—"

(வேண்டாம். கொடைக்கானல் பக்கத்துக் கதை என்றாலே முதல் வரியில் பனி இறங்கிவிடுகிறது. இந்தக் கதைக்கும் பனி வேண்டும். ஆனால் இப்போது இல்லை. வெளியே நிற்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "ஐம்பத்தாறு வயதில் ஒருவர் மாப்பிள்ளை ஆவதென்றால்—"

(இதுவும் வேண்டாம். அண்ணன் இதைப் படிப்பார்.)

நேராகவே சொல்கிறேன். அண்ணி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. விசாலாட்சி அம்மாளுக்குப் பழனியில் பஞ்சாமிர்தக் கடை. அந்தக் கடைக்கு மலைவாழைப்பழம் கொண்டுபோய்ப் போடுகிறவர் அண்ணன். பழத்தை இறக்க ஆகிற நேரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். அவர்கள் இரண்டு பேர்தான் கடைசியாகக் கவனித்தார்கள். அண்ணன் கேட்டுவிட்டார். அந்த அம்மாளும் மறுக்கவில்லை. பள்ளங்கியில் அண்ணன் கட்டிவரும் வீட்டில் விளக்கெல்லாம் மாட்டி முடித்ததும் சொல்லியனுப்புங்கள், வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றார்.

அப்படியென்றால் விளக்கை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று அண்ணன் கடைக்கு அழைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே சாமர்த்தியமான காரியம் அது. விபரீதமும் அதிலிருந்துதான் வந்தது.

3

கடைக்குத் திரும்புவோம்.

அண்ணனுக்குக் கூடத்தில் கண்ணாடிமணிகள் தொங்கும் பெரிய விளக்கு வேண்டும். கூரை எவ்வளவு உயரம் என்று விசாலாட்சி அம்மாள் கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, கையைத் தலைக்குச் சற்று மேலே பலகைபோல் நீட்டிக் காட்டினார். குளிருக்காக மலையில் கூரையைத் தாழ்வாகத்தான் போடுவோம். அண்ணனோ நெட்டை.

"அப்ப தெனம் ஒருக்கா மணியடிச்சுட்டுத்தான் சாப்பிட உக்காருவீங்க," என்றார் அந்த அம்மாள்.

ராஜ்மோகன் பெட்டியிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தான். கூரையோடு ஒட்டிக்கொள்ளும் தட்டை விளக்கு என்று முடிவாயிற்று. அடுத்து நிறம். ஸ்வேதா மஞ்சள் விளக்குகளைப் போட்டாள். எல்லோரும் முந்தானையையும் துண்டையும் தேடினோம். பார்க்கவே வெக்கையாக இருக்கிறது என்று நான்தான் முதலில் சொன்னேன். வெள்ளையைப் போட்டாள். ஆகா, குளுகுளு என்றான் ராஜ்மோகன். கூடம், படுக்கையறை, அடுப்படி, வாசல் எல்லாவற்றுக்கும் வெள்ளையே என்று விசாலாட்சி அம்மாள் சொல்ல, நாங்கள் மூவரும் தலையாட்டினோம்.

(ஸ்வேதா இந்தக் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். தேவை. வீடு எங்கே என்று அவள்தான் கேட்டாள். பள்ளங்கி என்றோம், பெருமையாக. அவள் மலையேறியதே இல்லையாம். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பில் போட்டாள்.)

படியிறங்கும்போது விசாலாட்சி அம்மாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "இதுக்கு முந்தி வாக்கப்பட்டிருந்த வீட்டுல நான் எடுத்தது ஒண்ணுகூட நின்னதில்லம்மா. ஒரு தட்டு வாங்கிட்டு வந்தாக்கூட மறுநாளே கடைக்குத் திரும்பிப் போயிரும்."

இந்த வாக்கியத்தை நான் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பஸ் மலையேறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

4

இப்போது பனி வரலாம்.

விளக்குகளை மாட்டி முடித்த அன்று சாயங்காலம் பனி ஜன்னல் வழியாகவே உள்ளே வந்தது. ராஜ்மோகன் எல்லா சுவிட்சையும் ஒன்றாகத் தட்டினான். வீடு பளிச்சென்று ஆனது. சுவர் வெளிறியது. என் கை மீன்கடையில் ஐஸ்மேல் வைத்ததுபோல் தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் ஆளுக்கொரு ஸ்வெட்டரை எடுத்து மாட்டினோம்.

"கடையில நல்லா குளுகுளுன்னு இருந்துச்சேண்ணே," என்றான் ராஜ்மோகன்.

அப்போதுதான் மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பிறந்ததிலிருந்து குளிரில் கிடக்கிறவர்கள், கீழே இறங்கிப் போய், பழனி வெயிலில் வியர்த்துக்கொண்டு, அந்த வியர்வைக்கு ஏற்ற விளக்கை வாங்கி வந்திருக்கிறோம்.*

* வெயிலில் காயும் தட்டப்பாறையில் தாகம் எடுத்துக் குடம் குடமாகக் குடித்துவிட்டு… (இந்த உவமை எங்கேயும் போய்ச் சேரவில்லை. அடிக்காமல் விடுகிறேன், நானும் தடுமாறுவேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள.)

மாற்றிவிடலாம், கடைக்காரர் எடுத்துக்கொள்வார் என்றேன். அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"கழட்டாத."

அன்றிலிருந்து அண்ணன் குரங்குக்குல்லாவும் மப்ளரும் போட்டுக்கொண்டுதான் கூடத்தில் சாப்பிட உட்காருகிறார். கேட்டால் குளிரே இல்லை என்கிறார். பேசும்போது பல் தந்தியடிக்கிறது.

(இப்படி ஒரு மனிதரை நம்புவீர்களா? முதலில் நானும் நம்பவில்லை. கதைக்காகக் குல்லாவை எடுத்துவிட்டுப் பார்த்தேன். குல்லா இல்லாத குருநாதன் யாரோபோல் இருந்தார். திரும்ப மாட்டிவிட்டேன்.)

5

முடிவுகள்.

முதல் முடிவு ராஜ்மோகனுடையது. அந்த அம்மாள் வருவதற்குள் சத்தமில்லாமல் மஞ்சளை மாட்டிவிடுவது. "அவங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது, வெளங்குதாண்ணே?" என்றான். அவன் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தது. எதைச் சொன்னாலும் விளங்குதா என்று கேட்டு முடிப்பான். அண்ணனுக்கு விளங்கியது.

"ஏலே, வீட்டுக்குள்ள கால வைக்க முந்தியே பொய்யாலே?"

இரண்டாம் முடிவு அண்ணனுடையது. எதையும் மாற்றாமல் ஆயுசு முழுக்கக் குல்லாவோடு வாழ்வது. இதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளும் பழனிக்காரர். ஒரு மார்கழிகூடத் தாங்க மாட்டார்.

மூன்றாம் முடிவு என்னுடையது. உள்ளதை எழுதிவிடுவது. எழுதிப் பார்த்தேன்: "பொருள்: விளக்குகள் சம்பந்தமாக. தாங்கள் தேர்ந்தெடுத்த வெள்ளை விளக்குகள் இங்குள்ள சீதோஷ்ணத்துக்கு—" அப்படியே நிறுத்திவிட்டேன். திரும்பிப் போன அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. எப்படி மாற்றி எழுதினாலும் அது தட்டைத் திருப்பி அனுப்புகிற கடிதமாகவே இருந்தது.

அதனால்தான் கடையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து எழுதத் தொடங்கினேன். வெக்கை என்று முதலில் சொன்ன வாய் யாருடையது, தலையாட்டிய தலைகள் எவை என்பதெல்லாம் தெரிய வேண்டுமே. ஆம், இதன் முதல் வாசகர் விசாலாட்சி அம்மாள்தான். நீங்கள் இரண்டாவது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

6

இதுவரை எழுதியதை அண்ணனிடம் கொடுத்தேன். வெள்ளை விளக்கின் கீழ் உட்கார்ந்து, குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். மாப்பிள்ளை வரியில் ஒருமுறை இருமினார். கடைசித் தாளை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இதையும் எழுது. கழட்டச் சொன்னாலும் சரி, இருக்கட்டும்னு சொன்னாலும் சரி. வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவங்க எடுத்தது இங்கதான் நிக்கும்."

எழுதிவிட்டேன். பிறகு அண்ணன் உள்ளே போய், கொடைக்கானல் சந்தையில் வாங்கிய ஒரு புதுக் கம்பளிக்குல்லாவைக் கொண்டு வந்தார். கத்திரிப்பூ நிறம், உச்சியில் பஞ்சு உருண்டை. எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். சோலியைப் பார் என்றார்.

7

மேலே வைக்க ஒரு தனித்தாள் வேண்டுமல்லவா? முதலில் 'மதிப்பிற்குரிய விசாலாட்சி அம்மாள் அவர்களுக்கு' என்று எழுதினேன். பேங்கிலிருந்து வந்த கடிதம்போல் இருந்தது. அடித்தேன். கீழே, என்னை அறியாமல், 'அன்புள்ள மதனிக்கு' என்று எழுதிவிட்டேன்.

இன்னும் பதில் சொல்லாதவரை மதனி என்பதா? அதையும் அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனேன். தோளுக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார்.

"அடிச்சிராத," என்றார்.

தாள்களை மடித்தேன். உறையில் போட்டுக் கோந்து தடவி ஒட்டினேன். குல்லாப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டினேன். பழனி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. கண்டக்டர் பொன்னுவேல் கையை நீட்டி, உள்ளே என்ன என்று கேட்டார். விளக்கு விஷயம் என்றார் அண்ணன். பஞ்சாமிர்தக் கடையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லி, பொன்னுவேல் டிரைவருக்குப் பின்னால் இருந்த இடுக்கில் பத்திரமாகச் செருகினார்.

அதனால் முடிவு இப்போது என்னிடம் இல்லை. ஏழாம் வளைவு தாண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நல்லபடியாக ஒன்று நினைத்து வையுங்கள். நான் போய், வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறேன்.